பி, ஏ, எல், எல், ஐ

பிரவீனாவுக்குக் காலை எட்டரை மணி என்றால் ஹேமாவுக்கு முந்தின நாள் ராத்திரி ஒன்பது. ஒருத்தி காஞ்சிபுரம் காந்தி ரோட்டில், ஒருத்தி அமெரிக்காவில் ஹூஸ்டனில். பூமி உருண்டை என்று பள்ளிக்கூடத்தில் படித்தபோது பிரவீனா அதைப் பெரிதாக நம்பிவிடவில்லை. தான் கடைவாசலில் தண்ணீர் தெளித்துவிட்டு வந்து உட்காரும் நேரத்தில் ஹேமா தூக்கம் வருகிறது என்று கொட்டாவி விட ஆரம்பித்த பிறகுதான், சரி, உருண்டைதான் போலிருக்கிறது என்று ஒத்துக்கொண்டாள்.

கடை என்றால் வேகவதி பிரவுசிங் சென்டர். இரண்டு பெரிய பட்டுக்கடைகளுக்கு நடுவில் நசுங்கிக்கொண்டு நிற்கிற ஒரு மாடியில் எட்டு கம்ப்யூட்டர்கள். அவற்றில் ஆறு நல்ல பிள்ளைகள். பிரவீனா ஐந்து வருஷமாக அங்கேதான் வேலை. வருகிறவர்களுக்கு மெயில் ஐடி போட்டுக் கொடுப்பது, தறிக்காரர்கள் கொண்டுவரும் புட்டா டிசைனை ஸ்கேன் செய்து சென்னைக்கு அனுப்புவது, பாஸ்வேர்டை மறந்துவிட்டு அவள்மேல் எரிந்து விழுகிறவர்களைச் சமாளிப்பது, பரீட்சை ரிசல்ட் வரும் நாளில் அழுகிற பிள்ளைகளுக்குத் தண்ணீர் கொடுப்பது எல்லாம் அவள்தான்.

முதலாளி மாணிக்கவாசகம் வாசல் மேஜையில் உட்கார்ந்திருப்பார். உட்கார்ந்திருப்பார் என்று பேர்தான். மனுஷன் எந்த நேரத்தில் யார் முதுகுக்குப் பின்னால் நிற்பார் என்று சொல்ல முடியாது. அடுத்தவர் மெயிலை எட்டிப் பார்க்காவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. அதில் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. தெருச்சண்டையை நின்று பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்கு என்ன எண்ணம் இருக்குமோ அவ்வளவுதான் அவருக்கும்.

ஹேமா என்கிற ஹேமாம்புஜம், சின்ன காஞ்சிபுரத்தில் வரதராஜப் பெருமாள் கோயிலுக்கு எதிரே சன்னதித் தெருவில் பிறந்தவள். பிரவீனா அதே சின்ன காஞ்சிபுரத்தின் இன்னொரு கோடியில், ஆற்றுப் பக்கம் இருக்கிற காலனியில் பிறந்தவள். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் இரண்டு பேருக்கும் ஒரே பெஞ்சு. அதற்கப்புறம் ஹேமா சென்னையில் காலேஜ் படித்து, கல்யாணமாகி, விமானம் ஏறிப் போய்விட்டாள். பிரவீனா கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்தாள். வாலாஜாபாத்துக்கு ஷேர் ஆட்டோ ஓட்டும் கமலைக் கட்டிக்கொண்டாள். இரண்டு வருஷம் முன்னால் ஹேமாவின் தம்பி ஸுதர்சன் எதையோ பிரிண்ட் எடுக்க சென்டருக்கு வந்தவன், இவளை அடையாளம் கண்டுகொண்டு ஐடியை எழுதி வாங்கிப் போனான். மூன்றாம் நாள் ஹேமாவிடமிருந்து மெயில் வந்தது. அன்றைக்குப் பிரவீனாவுக்குத் தலைகால் புரியவில்லை. மூன்று பேருக்குத் தப்புத் தப்பாக பாஸ்வேர்டு போட்டுக் கொடுத்துவிட்டாள்.

அதிலிருந்து வாரத்தில் நாலு நாளாவது பேச்சு உண்டு. என்ன பேசுவார்கள் என்றா கேட்கிறீர்கள்? ஒன்றும் இல்லை. அங்கே வாஷிங் மெஷின் நின்றுபோனது, இங்கே கமல் புதிதாக செல்போன் வாங்கி அதை அணைக்கத் தெரியாமல் தலையணைக்கு அடியில் வைத்தது, பழைய ஒன்பதாம் வகுப்புப் பெண்களில் யார் யாருக்கு எத்தனை குழந்தை, அடுத்த வருஷமாவது எல்லோரும் ஓரிடத்தில் கூட வேண்டும் என்கிற திட்டம். அந்தத் திட்டம் மாதாமாதம் போடப்படும், மாதாமாதம் தள்ளிப்போகும். ஆனால் போடாமல் விட மாட்டார்கள்.

அதோடு ஒரு விளையாட்டும் இருந்தது. அவர்களுக்குத் தமிழ் எடுத்த கங்கையம்மாள் டீச்சர் வகுப்பில் ஓர் ஆங்கில வார்த்தை வாயில் வந்தால் நூறு தடவை இம்போசிஷன் எழுத வைப்பார். அந்தப் பயத்தைத் தோழிகள் இரண்டு பேரும் இப்போது வேடிக்கையாக்கிக்கொண்டார்கள். மெயிலை மின்னஞ்சல் என்பார்கள், மவுஸைச் சுட்டி என்பார்கள், கார் மகிழுந்து ஆகிவிடும், ஸ்கூல் பள்ளி ஆகிவிடும். ஹூஸ்டன் வீட்டுச் சலவை இயந்திரமும் குளிர்சாதனப் பெட்டியும் ஒரே நாளில் கெட்டுப்போன கதையை ஹேமா எழுதியபோது, பிரவீனா வாய்விட்டுச் சிரிக்க, பக்கத்து சீட்டில் பாஸ்போர்ட் பாரம் நிரப்பிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

இதில் ஒரு சங்கடம். தமிழை அவர்கள் தட்டியது ஆங்கில எழுத்தில். வேறு வழி அப்போது அவர்களுக்குத் தெரியாது. ஆங்கிலத்துக்கு ல, ள, ழ எல்லாம் ஒன்றுதானே! ஹேமா புதிதாகக் கார் ஓட்டிப் போய் 'வழி தெரியல' என்று எழுத, பிரவீனா அதை 'வலி தெரியல' என்று படித்துப் பதறி, எங்கே அடிபட்டது, எத்தனை தையல் என்றெல்லாம் கேட்டு வைத்தாள். இன்னொரு நாள் ஹேமா, இங்கே நல்ல புளியே கிடைப்பதில்லை, பாட்டிலில் கறுப்பாக ஏதோ விற்கிறான் என்று புலம்பினாள். புலியைப் பாட்டிலில் எப்படிடி அடைப்பான் என்று பிரவீனா திருப்பிக் கேட்டாள். அது தெரிந்தே கேட்டது. அன்றிலிருந்து அவர்களுக்குள் புளி என்றாலே சிரிப்புத்தான்.

இத்தனை பேசினார்களே, ஒன்றே ஒன்றை மட்டும் அவர்கள் பேசியதில்லை.

ஒன்பதாம் வகுப்பில் கங்கையம்மாள் டீச்சர் பிள்ளைகளை வரதராஜப் பெருமாள் கோயிலுக்குக் கூட்டிப் போனார். கல்வெட்டு காட்டினார், கல்லில் செதுக்கிய சங்கிலி காட்டினார். கடைசியில் பல்லி தொடப் போக வேண்டும். உள்ளே மேல்கூரையில் ஒரு தங்கப் பல்லியும் ஒரு வெள்ளிப் பல்லியும் பதித்திருக்கிறது. படியேறிக் கையை உயர்த்தித் தொட்டால் அதுவரைக்கும் சேர்ந்த பாவமும் தோஷமும் போகும் என்பது ஐதீகம். எங்கெங்கிருந்தோ பஸ் பிடித்து வந்து தொட்டுவிட்டுப் போகிறார்கள். அன்றைக்கு டிக்கெட் வாங்கத் தலையெண்ணும் பொறுப்பை டீச்சர், கோயிலுக்கு எதிர்வீட்டுப் பெண் என்பதால், ஹேமாவிடம் கொடுத்திருந்தார். ஹேமா விரலை நீட்டி எண்ணிக்கொண்டே வந்தாள். பிரவீனாவிடம் வந்ததும் விரல் தாண்டிப் போயிற்று.

"அவங்கள்லாம் தொட மாட்டாங்க டீச்சர்" என்றாள்.

ரொம்ப சாதாரணமாகச் சொன்னாள். பதினாலு வயசு, வீட்டில் யாரோ பேசிக் காதில் விழுந்ததை அப்படியே சொன்னாளோ என்னவோ. டீச்சருக்கு அவசரம், கவனித்தாரா என்றே தெரியவில்லை. முப்பத்தொன்பது பேர் உள்ளே போனார்கள். பிரவீனா எல்லோருடைய பைகளுக்கும் காவலாக நூற்றுக்கால் மண்டபத்தில் உட்கார்ந்திருந்தாள். மறுநாள் அதே பெஞ்சில், அதே ஹேமா, பாதி முறுக்கை உடைத்துக் கொடுத்தாள். பிரவீனா வாங்கித் தின்றாள். அந்த விஷயம் அப்படியே போய்விட்டது என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். பிரவீனாவுக்குப் போகவில்லை. அதற்கப்புறம் இத்தனை வருஷத்தில் அவள் அந்தக் கோயில் வாசலை ஆயிரம் தடவை கடந்திருப்பாள். கருட சேவைக்கு வெளியே நின்று பெருமாளைக் கும்பிட்டிருக்கிறாள். பல்லி தொடப் போனதில்லை. யாரும் தடுக்கவில்லை. இவளுக்குத்தான் மனசு வரவில்லை.

இரண்டாயிரத்து நாலு மாசி மாதம் ஹேமாவிடமிருந்து அந்த மெயில் வந்தது. ஸுதர்சனுக்கு ஸ்ரீரங்கத்தில் கல்யாணம். கல்யாணம் முடிந்து காஞ்சிபுரத்தில் தங்குவது ஒன்றரை நாள்தான். சனிக்கிழமை ராத்திரி வந்து, திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்கு மகிழுந்து ஏறி விமான நிலையம். வீட்டில் ஒரே உறவுக்கூட்டம், நின்று பேச இடம் இருக்காது. அதனால் ஞாயிறு காலை எட்டு மணிக்குப் பள்ளி கிட்ட நில், நான் தனியாக வருகிறேன் என்று எழுதியிருந்தாள். கீழே இன்னொரு வரி: உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும், அங்கேதான் சொல்ல வேண்டும்.

பிரவீனா கட்டாயம் வருகிறேன் என்று பதில் போட்டாள். அதற்குள் ஹேமா விமானம் ஏறியாயிற்று. பதிலுக்குப் பதில் வரவில்லை.

அந்த வாரம் முழுக்க பிரவீனாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சந்தோஷம்தான், இல்லையென்று யார் சொன்னது? ஆனால் சந்தோஷத்துக்கு அடியில் ஒரு பயமும் இருந்தது. கம்ப்யூட்டரில் இரண்டு பேரும் ஒன்றுதான். தட்டுகிற எழுத்து ஒன்று, போடுகிற சிரிப்பு ஒன்று. யார் எந்தத் தெரு என்று அந்தப் பெட்டிக்குத் தெரியாது. நேரில் வந்து நின்றால் எந்த ஹேமா வந்து நிற்பாள்? தினமும் அரட்டை அடிக்கிறவளா, விரல் தாண்டிப் போனவளா? இதைத் தெரிந்துகொள்ளாமல் இனிமேல் அவளோடு பேச முடியாது என்று பிரவீனாவுக்குத் தோன்றிவிட்டது. கமலிடம் சொன்னால், உனக்கு வேற வேல இல்ல, பிரண்டு வருதுன்னா போய்ப் பாத்துட்டு வருவியா என்றான். அவன் சொன்னதும் நியாயம்தான்.

தென்னேரியில் அவள் அம்மாவின் ஊரில் புளி உலுக்கியிருந்தார்கள். புதுப்புளி. அதை வாங்கி, கொட்டை எடுத்து, நார் எடுத்து, வெயிலில் காயவைத்து, இரண்டு கிலோவை பாலிதீன் கவரில் இறுக்கிக் கட்டி மஞ்சள் பையில் போட்டாள். மேலே ஒரு சீட்டில் 'புலி இல்லை' என்று தமிழிலேயே எழுதி வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஏழே முக்காலுக்கே ஸ்கூல் வாசலில் போய் நின்றுவிட்டாள். கேட்டுக்கு நீலப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். மற்றபடி அதே புங்கமரம், அதே சுவர். மாம்பழக் கலர் புடவை கட்டியிருந்தாள். எட்டு மணி ஆயிற்று. எட்டரை ஆயிற்று. அமெரிக்காக்காரி, கிளம்ப நேரமாகியிருக்கும் என்று நினைத்தாள். ஒன்பது மணிக்கு வாட்ச்மேன் வீராசாமி வெளியே வந்து, இன்னிக்கு லீவும்மா, யாரைப் பாக்கணும் என்று கேட்டார். பிரண்டு வருது என்றாள். ஒன்பதரைக்கு மறுபடி வந்து, வெயில் ஏறுது, உள்ளே வந்து நாற்காலியில் உட்காரும்மா என்றார். வேணாங்க, இங்க நின்னாத்தான் தெரியும் என்றாள். ஒவ்வொரு ஆட்டோ திரும்பும்போதும் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டாள். பத்தரை மணிக்கு வீராசாமி ஒன்றும் கேட்கவில்லை. அவர் கேட்காமல் விட்டதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

வழியில் எஸ்.டி.டி. பூத்தில் நுழைந்து ரிசீவரைக் கையில் எடுத்தாள். ஹேமா வீட்டு நம்பர் மனப்பாடம். இரண்டு எண் சுற்றிவிட்டு வைத்துவிட்டாள். ஹேமாவே எடுத்து, அய்யோ மறந்தே போயிட்டேன்டி என்று சொல்லிவிட்டால்? அதைக் காதால் கேட்பதைவிடத் தெரியாமலே இருக்கலாம்.

வீட்டில் கமல் முகத்தைப் பார்த்துவிட்டுப் புளியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் நல்லவன்.

திங்கட்கிழமை எட்டேகாலுக்கு பிரவீனா சென்டரைத் திறந்தாள். புளிப்பையை வீட்டில் வைக்கப் பிடிக்காமல் கையோடு கொண்டுவந்து மேஜைக்குக் கீழே தள்ளினாள். யாராவது கேட்டால் கொடுத்துவிடலாம். மெயிலைத் திறந்தாள். ஒன்றும் இல்லை. ஒரு வரி, வர முடியலடி என்று ஒரு வரி, அதுகூட இல்லை. அப்போதுதான் அவளுக்கு உண்மையாகவே வயிறு எரிந்தது. இரண்டு வருஷமாகப் பேசியதெல்லாம் இந்தப் பெட்டிக்குள்ளேதான், வெளியே வந்தால் அதே விரல், அதே தாண்டல் என்று தீர்மானமே செய்துவிட்டாள்.

ஒரு கூட்டம் வந்து, ஒரு கூட்டம் போய், சென்டர் கொஞ்சம் ஓய்ந்தபோது மணி ஒன்பதே முக்கால். பிரவீனா உட்கார்ந்து தட்ட ஆரம்பித்தாள். விளையாட்டு வார்த்தை, சிரிப்புப் பொம்மை எதுவும் இல்லை. 'ஹேமா, இதுதான் கடைசி மின்னஞ்சல். நேத்து நான் பள்ளி கிட்ட ரெண்டரை மணி நேரம் நின்னேன்' என்று எழுதி, அடுத்த வரிக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் கலங்கி எழுத்து மங்கியது.

முதுகுக்குப் பின்னால் செருமல் கேட்டது. மாணிக்கவாசகம்தான். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார்.

"பல்லி கிட்ட ரெண்டரை மணி நேரமா?" என்றார். "அங்க அப்டிலாம் நிக்க வுட மாட்டாங்களேம்மா. தொட்டுட்டு நவுந்துக்கினே இல்ல இருக்கணும்?"

பிரவீனாவுக்கு முதலில் புரியவில்லை. எந்தப் பல்லி சார் என்றாள். ஊர்ல எத்தினி பல்லிம்மா இருக்குது, கோயில் பல்லிதான் என்றார் அவர், இதென்ன கேள்வி என்கிற மாதிரி. பிரவீனா திரையைப் பார்த்தாள். பி, ஏ, எல், எல், ஐ. அவள் பள்ளி என்று எழுதியது, அவர் கண்ணுக்குப் பல்லியாக நின்றது. ஒரு வாரம் முன்னால் வந்த ஹேமாவின் மெயிலைத் திறந்தாள். அதிலும் அதே ஐந்து எழுத்து. அங்கேதான் சொல்ல வேண்டும் என்ற வரியை மறுபடி படித்தாள். ஸ்கூல் வாசலில் நின்று சொல்ல ஹேமாவுக்கு என்ன இருக்கிறது? ஒன்றும் கிடையாது. சொல்ல வேண்டியது இருக்கிற இடம் ஊரிலேயே ஒன்றுதான்.

பிரவீனாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இந்த ஊரில் யாரிடம் அந்த ஐந்து எழுத்தைக் காட்டினாலும் பாதிப் பேர் பல்லி என்றுதான் படிப்பார்கள். தனக்கு மட்டும் அது தோன்றவே இல்லையே! ஹேமா தன்னை அங்கே கூப்பிடுவாள் என்று கனவில்கூட நினைக்காததால்தான் தோன்றவில்லை என்பதும் அந்த நிமிஷத்திலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது.

மணி பத்து. கார் பதினோரு மணிக்கு.

சார், வண்டிச் சாவி குடுங்க என்றாள். மாணிக்கவாசகம் எதற்கு என்று கேட்காமல் டிவிஎஸ் சாவியை எடுத்துக் கொடுத்தார். பாதி விஷயத்தைத்தான் படித்துவிட்டாரே. அவள் படி இறங்கும்போது, பிரேக் கொஞ்சம் லூசு, பாத்துப் போ என்று மட்டும் கத்தினார். பிரவீனா புளிப்பையை முன்னால் வைத்துக்கொண்டு, ரங்கசாமி குளம் தாண்டி, எதிரே வந்த பஸ்காரனிடம் ஒரு திட்டு வாங்கிக்கொண்டு, சின்ன காஞ்சிபுரம் போய்ச் சேர்ந்தாள்.

சன்னதித் தெரு வீட்டு வாசலில் காரின் டிக்கி திறந்திருந்தது. ஹேமாவின் அப்பா சக்ரவர்த்தி பெட்டிகளை எண்ணிக்கொண்டு நின்றார். இத்தனை வருஷத்தில் இந்த வாசலுக்கு வந்து நிற்பது பிரவீனாவுக்கு இதுதான் முதல் தடவை. பேரைச் சொன்னாள். அவர் ஒரு நிமிஷம் அவள் முகத்தையே பார்த்தார். பிறகு, ஓ, நீதானா அது, நேத்தெல்லாம் உன்னைப் பத்தித்தான் ஒருத்தி மூஞ்சியைத் தூக்கி வச்சுண்டிருந்தா என்று சொல்லிவிட்டு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

ஹேமா வந்தாள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள், முடியைக் கத்தரித்திருந்தாள், மற்றபடி அதே ஹேமா. பிரவீனாவைப் பார்த்ததும் அவள் முகம் மலரவில்லை, சுண்டித்தான் போயிற்று. வர மாட்டேன்னு நெனச்சேன், வராதது நியாயம்தான்னு இருந்தேன் என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். பிரவீனாவுக்கு மூச்சு வாங்கியது.

"நானு ஸ்கூலாண்ட நின்னுக்கினு இருந்தேன்டி. பத்தரை வரைக்கும்."

ஹேமா விழித்தாள். ஸ்கூலுக்கு எதுக்குடி போனே என்றாள். நீதானடி பள்ளின்னு எழுதுனே என்றாள் பிரவீனா. ஹேமா வாயைத் திறந்தவள் திறந்தபடியே நின்றாள். அப்புறம் சிரிப்பு வந்தது பாருங்கள், இரண்டு பேரும் காரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர வர, டிரைவர் இறங்கி வந்து பார்க்கிற அளவுக்குச் சிரித்தார்கள். கங்கையம்மாள் டீச்சர் இருந்திருந்தால் ல, ள இரண்டையும் ஆயிரம் தடவை எழுத வைத்திருப்பார்.

சிரிப்பு அடங்கியதும் ஹேமா இவள் மணிக்கட்டைப் பிடித்தாள். அப்பா, பத்து நிமிஷம் என்றாள். சக்ரவர்த்தி கடிகாரத்தைக் காட்டி, பூந்தமல்லியில் டிராபிக், ஏர்போர்ட்டில் கியூ என்று என்னென்னவோ சொன்னார். அதற்குள் இரண்டு பேரும் தெருவைக் கடந்து கோபுர வாசலுக்குள் போய்விட்டார்கள். புளிப்பை அவர் கையில் இருந்தது. 'புலி இல்லை' என்ற சீட்டைப் படித்துவிட்டு அவர் ஒன்றும் புரியாமல் நின்றார்.

திங்கட்கிழமை என்பதால் கூட்டம் குறைவு. நூற்றுக்கால் மண்டபத்தைத் தாண்டும்போது பிரவீனா அந்தப் பக்கம் பார்க்கவில்லை. ஹேமா பார்த்தாள். இரண்டு டிக்கெட் வாங்கினாள். அவர்களுக்கு முன்னால் ஆந்திராவிலிருந்து வந்த ஒரு குடும்பம் நின்றிருந்தது. வரிசையில் நின்றுகொண்டு, நேற்று நடந்ததை ஹேமா தாழ்ந்த குரலில் சொன்னாள். எட்டு மணிக்கு வந்தாளாம். ஓரிடத்தில் நிற்க முடியவில்லை, பின்னால் வருகிறவர்களுக்கு வழிவிட வேண்டும். அதனால் வெளியே போய் மறுபடி டிக்கெட் வாங்கி மறுபடி வரிசையில் நின்றாளாம். அப்படியே பத்து மணி வரைக்கும்.

"ஆறு வாட்டி தொட்டேன்டி" என்றாள். "போகல."

என்ன போகவில்லை என்று பிரவீனா கேட்கவில்லை. இவளும் மறக்கவில்லையா, பதினாலு வருஷமாக இவளுக்குள்ளும் அது உறுத்திக்கொண்டுதான் இருந்ததா என்று அவளுக்கு அப்போதுதான் தோன்றியது. கோபம் இருந்த இடத்தில் இப்போது என்ன இருக்கிறது என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. ஆனாலும் சும்மா விடுவதாகவும் இல்லை.

"அத்த பல்லியாண்ட சொன்னா எப்டிடி போவும்? என்னாண்ட சொல்லு."

வரிசை இரண்டடி நகர்ந்தது. ஹேமா அவள் கண்ணைப் பார்த்தாள்.

"அவங்கள்லாம் தொட மாட்டாங்கன்னு சொன்னேன். எல்லார் முன்னாடியும் சொன்னேன். தப்புடி. அன்னிக்கு நீ பையெல்லாம் பாத்துண்டு ஒக்காந்திருந்தே, நான் உள்ள போய் சந்தோஷமா தொட்டுட்டு வந்தேன். என் பொண்ணு இப்போ அங்க ஸ்கூல்ல ஒருத்தி தன்னை விளையாட்டுக்குச் சேத்துக்கலன்னு அழுதுண்டு வந்தா. அப்பதான்டி எனக்கு ஒறச்சுது. அதுவரைக்கும் ஒறைக்கவே இல்லையேன்னுதான் வெக்கமா இருக்கு."

பரவாயில்லை என்று பிரவீனா சொல்லியிருக்கலாம். அது பொய்யாக இருந்திருக்கும். ஹேமாவின் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். ஆந்திராக் குடும்பம் தொட்டுவிட்டு இறங்கியது. படி காலியானது.

முன்னால் நின்ற ஹேமா ஒதுங்கி வழிவிட்டாள். பிரவீனா புடவைக் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். மேலே, இவ்வளவு கிட்டத்தில், அது ரொம்பச் சின்னதாக இருந்தது. எத்தனையோ கை பட்டு வழவழவென்று தேய்ந்து, சாதாரணமாகச் சுவரில் ஓடுகிற ஒரு பல்லி மாதிரியே இருந்தது. இதற்கா இத்தனை வருஷம் என்று நினைத்தாள். கையை உயர்த்தித் தலையிலிருந்து வால் வரைக்கும் நிதானமாகத் தொட்டாள். வெள்ளிப் பல்லியையும் தொட்டாள். வேண்டிக்கொள்ள ஒன்றும் தோன்றவில்லை.

கீழே நின்ற கோயில் ஆள் வழக்கம்போல, எல்லோரிடமும் கேட்பதுபோல, தொட்டாச்சாம்மா, நகருங்க என்றார்.

பிரவீனா உடனே நகரவில்லை. படியில் நின்றபடியே திரும்பி, அன்றைக்கு உள்ளே போன முப்பத்தொன்பது பேருக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னாள்.

"தொட்டாச்சு."